செல்வி பார்த்துக்கொண்டிருந்த ஃபைல்

"என்ன அண்ணி, போன்ல வயல் நல்லாத்தானே இருக்கு? அதையே அறுத்துக்கங்க!"

போன வாரம் குடவாசல் பக்கத்தில், வடிகால் கரையில் நின்று முருகேசன் இப்படிச் சொன்னபோது சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. அழுகிப்போன நாற்றை ஒரு கொத்து பிடுங்கிப் பார்த்தார். திரும்பத் தண்ணீரிலேயே போட்டுவிட்டார்.

நானும் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டியவன் நான் ஒருவன்தான்.

செல்வி என் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் செய்பவர். கணவர் சிங்கப்பூரில். முருகேசன் அந்தக் கணவரின் தம்பி. நானோ, வேலைக்காலம் முழுவதும் பெங்களூரில் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்துவிட்டு, மன்னார்குடிக்குத் திரும்பிவந்த கிழவன்.

நிலம் பள்ளம். ஐப்பசி மழையில் அக்கம்பக்கத்துத் தண்ணீரெல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். வழக்கமாக முருகேசன் டீசல் இன்ஜினைக் கொண்டுவந்து வைத்து இறைத்துக் கொடுப்பார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தேனா?

மோட்டார் கொட்டகையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பெட்டியை வைத்தேன். தண்ணீர் ஏறினால் அதுவே மோட்டாரைப் போடும், இறங்கினால் நிறுத்தும். தண்ணீர் மட்டத்தை அளக்கும் கருவியோடு பேசுவதற்கு நானே ஒரு மாட்யூல் எழுதினேன். மாட்யூல் என்றால் வேறொன்றுமில்லை... கம்ப்யூட்டரின் அடிப்படை நிர்வாகியான கெர்னலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் ஒரு துண்டு நிரல். வேண்டும்போது ஏற்றலாம், வேண்டாதபோது இறக்கலாம்.

அதில் எனக்கென்று, பிழை தேடுவதற்கு, ஒரு டீபக் ஃபைல் வைத்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று நான் எட்டிப்பார்ப்பதற்காக. ஒருநாள் செல்வி, "எவ்வளவு தண்ணி நிக்கிதுன்னு என் போன்ல தெரியுமா சார்?" என்றார். முறையாகச் செய்ய நாளாகும். அந்த ஃபைலையே அவருடைய போனுக்குத் திருப்பிவிட்டேன். பெட்டியில் ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்துக்கொண்டு ஓயாமல் படிக்கும். சிக்னல் போனால் திரை வெறுமையாகிப் பயந்துவிடுவாரே என்று, கடைசியாக வந்த எண்ணே நிற்கும்படி செய்தேன். எவ்வளவு கரிசனம் பாருங்கள்!

மழை ஆரம்பித்த வாரம், மயிலாடுதுறையில் அவருடைய அக்கா மகளுக்கு வளைகாப்பு. போகத் தயங்கினார். அப்போதுதான் நட்டு முடித்த சம்பா. முருகேசன் இன்ஜின் வைக்கிறேன் என்றாராம். நான், "பெட்டி பாத்துக்கும்மா, நிம்மதியா போய்ட்டு வாங்க" என்றேன். அவரும் கொழுந்தனிடம், "பெட்டி இருக்கு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம். மாட்யூலில் ஒரு சின்னத் தப்பு என் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்தபடியே லாக்-இன் செய்து, பழையதை இறக்கிப் புதியதை ஏற்றலாம் என்று கட்டளை கொடுத்தேன். கெர்னல் மறுபேச்சில்லாமல் இறக்கியது.

அது மறுத்திருக்க வேண்டும். "இதை யாராவது திறந்து வைத்திருந்தால் என்னை இறக்க விடாதே" என்று கெர்னலிடம் சொல்லிவைக்க ஒரே ஒரு வரி போதும். எழுதியும் இருந்தேன். சோதனை செய்யும்போதெல்லாம் "உபயோகத்தில் இருக்கிறது" என்று அது முரண்டு பிடிக்க, எரிச்சலில் எடுத்துவிட்டேன். ஃபைலை உருவாக்கவும் இரண்டு வழிகள் உண்டு. ஒன்றில், ஃபைலை நீக்கும்போது கெர்னல் புதிதாக யாரையும் படிக்க விடாது, படித்துக்கொண்டிருப்பவர் முடிக்கும்வரை காத்திருக்கும். இன்னொன்றில் அந்தக் காவல் கிடையாது. பாதுகாப்பற்றது என்று அதன் பெயரிலேயே எழுதியிருக்கிறது. நான் எதை எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமா?

மாட்யூல் இறங்கும்போது ஃபைலின் பெயரை அழித்துவிட்டாலும், ஏற்கெனவே திறந்து படிப்பவர் கையிலிருந்து அது போய்விடாது. செல்விக்காகப் படித்துக்கொண்டிருந்த புரோகிராம் அடுத்த எண்ணைக் கேட்டது. பதில் சொல்ல வேண்டிய நிரல் அந்த இடத்தில் இல்லை. பெட்டி அப்படியே உறைந்துவிட்டது. மோட்டார் நின்றது நின்றபடி.

என் பக்கம் தொடர்பு அறுந்தது. மழைக்கு சிக்னல் போயிருக்கும் என்று எழுந்து காபி குடிக்கப் போனேன். மறுநாளும் கிடைக்கவில்லை. மழை விடட்டும் என்று இருந்துவிட்டேன். மயிலாடுதுறையில் செல்வி போனில் ஒரே எண்ணைப் பார்த்துப் பார்த்து, தண்ணீர் ஏறவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார். மழையோடு மழையாக அங்கேயே தங்கியும்விட்டார். திரும்பி வந்தபோது பயிர் தண்ணீருக்குள்.

"என்ன சார் ஆச்சு?" என்று கேட்டார்.

"மின்னல் விழுந்திருக்கும்மா" என்றேன்.

யோசிக்கக்கூட இல்லை. பொய் அவ்வளவு தயாராக இருந்தது.

முருகேசன் கேலி பேசிய அன்று சாயங்காலம் செல்வி வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். கெர்னல், மாட்யூல் என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, "நான்தாம்மா நிறுத்தினேன்" என்றேன்.

செல்வி கையிலிருந்த போனைப் பார்த்தார்.

"நீங்க அதை எடுக்கிறப்ப நான் பாத்துக்கிட்டிருந்தேனே சார். அது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுக்க வழி இருந்துச்சு. பாக்கலைம்மா."

"மின்னல்னு நீங்க சொன்னதைத்தான் ஊரெல்லாம் சொன்னேன். மின்னல் விழுந்தா போன்ல எப்படி நம்பர் நிக்கும்னு கேட்டுச் சிரிச்சாங்க. பொய் சொல்றேன்னு நினைச்சிருக்காங்க."

"முருகேசன்கிட்ட நானே போய் சொல்றேன்."

"சொல்லுங்க. ஆனா அடுத்த போகத்துக்கு நிலத்தை வேற யாருக்காவது விட்டுடுங்க சார். என்னால மறுபடி நம்பிட்டுப் போக முடியாது. வயலையும் சரி, உங்களையும் சரி."

கோபமாகச் சொல்லவில்லை. "உள்ள வந்து காபி சாப்பிட்டுப் போங்க" என்று சொல்வாரே, அந்தக் குரலில்தான் சொன்னார். காபிக்கு மட்டும் அன்று கூப்பிடவில்லை.

முருகேசனிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னைக் கேலி செய்யவில்லை. "விடுங்க சார், நீங்க வேணும்னேயா செஞ்சீங்க?" என்றார். அண்ணிக்குக் கிடைக்காத மன்னிப்பு எனக்கு எவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது! வெட்கமாக இருந்தது.

மாட்யூலைத் திருத்தி எழுதிவிட்டேன். எடுத்த வரியைத் திரும்பப் போட்டாயிற்று. இப்போது யாராவது படித்துக்கொண்டிருந்தால் இறங்க மறுக்கும்.

நேற்று சோதித்துப் பார்த்தேன். உடனே இறங்கிவிட்டது... படிப்பதற்குத்தான் யாரும் இல்லையே.