உதைக்கும்போது இறங்கும் கை

அம்பாங்கானில் கிக் பாக்சிங் வகுப்பு. அங்கே கற்றதை லிங்கி எஸ்டேட் வீட்டு வாசலில் தினமும் மாலையில் எதிராளி இல்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ பாக்சிங்காகப் பழகினேன். மூன்று குத்து, பிறகு வலது காலால் ஓர் உதை. உதையில் ஏதோ பிசகியது. பயிற்சியாளர் “தப்பு, மறுபடி” என்பாரே தவிர, என்ன தப்பென்று சொன்னதில்லை.

பக்கத்து வீட்டுக்காரி தன் வாசலில் நின்று துணி மடித்தபடி, “கொசு கூடவா சண்ட?” என்று தினமும் கேட்பாள்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல், “ஒனக்கு வேற வேல இல்லயா லா?” என்றேன்.

“ஒதைக்கிறப்ப ஒன் இடது கை கீழ எறங்குது. மூனு வாரமா பாக்குறேன்.”

கையை முகத்தருகே வைத்து உதைத்தேன். சரியாக வந்தது.

“மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீ எங்க கேட்ட?”

மறுநாள் அவள் உட்கார்ந்து பார்க்க நானே நாற்காலி போட்டேன். எரிச்சல் மட்டும் போகவில்லை.