சுவரில் இருந்த குரல்

கேமராக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். படம் எடுக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். கடை, கிடங்கு, குடியிருப்பு வாசல் என்று எங்கெல்லாம் திருட்டு பயம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஏணி போட்டு ஏறி, கண்காணிப்புக் கேமரா மாட்டிவிட்டு இறங்குகிறவர். கடைக்குள் போனால் மற்றவர்கள் சரக்கைப் பார்ப்பார்கள், இவர் கூரை மூலையைப் பார்ப்பார். கல்யாணத்துக்குப் போனாலும் அதே கதைதான். "மாப்பிள்ளை எப்படிங்க இருக்கார்?" என்று மனைவி கேட்டால், "பின்பக்கக் கதவு திறந்தே கிடக்குது, எவனும் கவனிக்கல" என்று பதில் வரும்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. திருட்டு போன இடங்களில் பதிவை ஓட்டிப் பார்க்கக் கூப்பிடுவது அவரைத்தான். பூட்டை உடைத்து உள்ளே வந்தவனைவிட, சாவியை வைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தவனைத்தான் அவர் அதிகம் பார்த்திருக்கிறார். அதனால் மனிதர்கள் மேல் அவருக்கு ஒரு தீர்ப்பு இருந்தது. அதை வெளியில் சொல்ல மாட்டார். ஆனால் தன் வீட்டுச் சாவியை ஒரு நாளும் யாரிடமும் கொடுத்ததில்லை.

இப்படிப்பட்டவர் கையில்தான் ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தது.

ஆசைப்பட்டு வாங்கி வந்தது மனைவி. பால்குடி மறந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும், எப்போதும் எதையோ கேட்டு வியக்கிற மாதிரி ஒரு முகம். குட்டி வந்து மூன்றாம் நாளே, வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ வலி முன்கூட்டியே வந்துவிட்டது. அந்த அம்மாள் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே உத்தரவு போட்டாள்.

"ஏங்க, நான் திரும்பி வர்றதுக்குக் கொஞ்ச நாள் ஆகும். அது வரைக்கும் இத உயிரோட வச்சிருங்க. வேற எதுவும் கேக்கல."

"என்னமோ நான் கொன்னு போட்டுருவேங்கற மாதிரி பேசற?"

"பகல் பூரா நீங்க ஏணி மேல இருப்பீங்க. எதுத்த வீட்டுத் தையல்காரம்மாகிட்ட ஒரு சாவி குடுத்துட்டுப் போங்க. மத்தியானம் ஒரு எட்டு வந்து பாத்துக்குவாங்க. அவங்களே சொன்னாங்க."

"சாவியா? நல்லா இருக்கு போ. நான் பாத்துக்கறேன்."

"பச்சக் குழந்தைங்க அது. பக்கத்துல ஒரு ஆள் மூச்சு விடணும். பாத்துக்கிட்டே இருந்தா மட்டும் ஆச்சா?"

அவர் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் சம்மதம் என்று மற்ற வீடுகளில் அர்த்தம். இந்த வீட்டில், 'என் இஷ்டப்படிதான் செய்வேன்' என்று அர்த்தம். அது அந்த அம்மாளுக்கும் தெரியும். ஆனால் வண்டிக்கு நேரமாகிவிட்டது.

குட்டியைப் பத்திரமாக வைத்திருக்கிற வேலையை அவர் ஒரு கிடங்குக்குக் காவல் போடுகிற மாதிரியே செய்தார். முதலில் தரையில் முழங்கால் போட்டுத் தவழ்ந்து, குட்டியின் உயரத்திலிருந்து வீட்டைப் பார்த்தார். நின்றுகொண்டு பார்த்தபோது சுத்தமாக இருந்த வீடு, தவழ்ந்து பார்த்தபோது முழுக்க ஆபத்தாக இருந்தது. தொங்கிய ஒயர்களையெல்லாம் பிளாஸ்டிக் பட்டைக்குள் அடைத்துச் சுவரோடு அறைந்தார். செருப்பு, சோப்பு, மாத்திரை டப்பா, பினாயில் எல்லாம் மேல் அலமாரிக்கு ஏறின. சமையலறை வாசலுக்குக் குறுக்கே பலகை வந்தது. கட்டிலுக்கு அடியில் உருண்டு கிடந்த ஒரு பழைய பேட்டரியைக் கண்டுபிடித்தபோது, ஒரு கொலையைத் தடுத்த மாதிரி பெருமூச்சு விட்டார்.

பொழுது போக்கவும் வழி செய்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும், மனிதர் கல்நெஞ்சக்காரர் இல்லை. பல் முளைக்கிற குட்டிக்கு ஈறு நமைக்கும் என்று மனைவி சொன்னதை நினைவில் வைத்துக்கொண்டு, பழைய துண்டை முடிச்சுப் போட்டு நனைத்து, உறைய வைத்துக் கடிக்கக் கொடுத்தார். கேமரா வந்த அட்டைப் பெட்டிகளில் காகிதத்தைக் கசக்கிப் போட்டு, அதற்குள் தீனியை ஒளித்து வைத்தார். குட்டி பெட்டிக்குள் தலையை விட்டு வாலை ஆட்டிக்கொண்டு தேடுவதைப் பார்த்தால் அவருக்கே வேலைக்குப் போக மனசு வராது.

கடைசியாக, தன் கைவரிசையைக் காட்டினார். கூடத்துச் சுவரில், கூரைக்குக் கொஞ்சம் கீழே ஒரு கேமரா. கடைக்காரர்கள் கேட்டு வாங்கும் உயர்ந்த ரகம், உள்ளேயே ஒலிபெருக்கி வைத்தது. எங்கிருந்தாலும் போனில் பார்க்கலாம், போனில் பேசினால் அங்கே கேட்கும், அங்கே எழுகிற சத்தம் போனிலும் கேட்கும். "பக்கத்துல ஆள் இருக்கற மாதிரியேதான்" என்று மனைவிக்குப் போனில் பெருமையாகச் சொன்னார்.

"என்னமோ செய்யுங்க" என்றாள் அந்த அம்மாள். பேத்தி பிறந்த மயக்கத்தில் இருந்தாள், சண்டை போட நேரமில்லை.

முதல் நாள் ஒரு மருந்துக் கிடங்கில் ஏணி மேல் நின்றபடி போனைத் திறந்தார். குட்டி சோபாவின் மூலையைக் கடித்துக்கொண்டிருந்தது.

"டேய்! விடு!"

குட்டி விட்டுவிட்டது. வாயைத் திறந்தபடி நின்றது. அவ்வளவுதான், கேமராக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளிடம், "பாத்தியா, ஒரு அதட்டல், கேட்டுக்கிச்சு" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த திருகாணியை முடுக்கினார்.

குட்டிக்குப் பெயர் வைக்கவில்லை. மனைவி வந்துதான் வைப்பாளாம். அதனால் 'டேய்' என்பதே பெயராக இருந்தது. டேய் விடு, டேய் வேணாம், டேய் வா, டேய் சமத்தா இரு. நாள் முழுக்க நினைத்தபோதெல்லாம் கூப்பிட்டார். கடிக்காமல் சும்மா படுத்திருந்தாலும் ஆசைக்கு ஒரு தடவை "டேய், வா" என்பார். குட்டி எழுந்து நிற்கும். போன் பைக்குள் போகும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவர் என்று பெயர் எடுத்தவர், தன் குரலுக்குக் குட்டி நிமிரும் அந்த ஒரு கணத்தை மட்டும் பார்த்தார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்கவே இல்லை.

கொஞ்ச நாளில் குட்டி நிமிர்வதும் குறைந்தது. "டேய்" என்றால் காதை மட்டும் ஆட்டிவிட்டுக் கடிப்பதைத் தொடர்ந்தது. பழகிவிட்டது என்று அவர் திருப்தியாக இருந்தார்.

அப்போதுதான் அந்தச் சந்தேகம் வந்தது. மத்தியான வேளையில் எப்போது பார்த்தாலும் குட்டி வாசல் கதவுக்கு அடியில், இடுக்கில் மூக்கை வைத்துப் படுத்திருந்தது. வால் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தது. சத்தத்தைக் கூட்டிவைத்துக் கேட்டார். டொக், டொக் என்று ஏதோ தட்டுகிற ஓசை. கூடவே யாரோ தணிந்த குரலில் பேசுவது மாதிரியும் இருந்தது. நாயைப் பழக்கி வைத்துவிட்டு உள்ளே வருகிற திருட்டை அவர் பதிவுகளில் பார்த்திருக்கிறார். ஊர் வாசலுக்கெல்லாம் கேமரா மாட்டியவர், தன் வாசலுக்கு வெளியே ஒன்று மாட்டவில்லை. அக்கம்பக்கத்தார் போவதையும் வருவதையும் படம் பிடித்தால் தான் வீட்டை விட்டே போய்விடுவதாக மனைவி சொல்லியிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். தெருக் கேட்டைச் சத்தமில்லாமல் தள்ளி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மாடியில் இருந்த தன் வீட்டுக்குப் படியில் பூனை மாதிரி ஏறினார்.

அவர் வீட்டு வாசலில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மடியில் யாருடைய சட்டையோ, வாயில் நூல், பக்கத்தில் கத்தரிக்கோல். பொத்தான் தைத்தபடியே கதவின் இடுக்கைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இதோ இருக்கேன்டா ராசா. எங்க போயிட்டேன்? இங்கதான இருக்கேன்."

கத்தரிக்கோலின் பிடியால் தரையில் இரண்டு தட்டு. உள்ளேயிருந்து வால் கதவில் மோதுகிற சத்தம்.

நிமிர்ந்தவள் அவரைப் பார்த்தாள். கையில் செருப்போடு நின்ற கோலத்தையும் பார்த்தாள். "என்னண்ணே, திருடியப் புடிச்சிட்டீங்களா?"

அவர் முகத்தில் அசடு வழிந்தது. "இல்லம்மா, சும்மா… சாப்பிட வந்தேன்" என்று உளறியபடி அவசரமாகக் கதவைத் திறந்தார். தன் கால்களுக்கு நடுவே ஏதோ வழுக்கிக்கொண்டு போனதை உணர்வதற்குள் குட்டி வெளியே வந்துவிட்டது. தையல்காரம்மாவின் மடியில் ஏறி, முகத்தை நக்கி, சட்டையை மிதித்து, சந்தோஷம் தாங்காமல் ஒரு சுற்றுச் சுற்றி, படியில் கால் இடறி உருண்டது. உருண்டதே விளையாட்டாகிவிட, எழுந்து கீழே ஓடியது.

தெருக் கேட் திறந்து கிடந்தது. திருடனைப் பிடிக்கிற மும்முரத்தில் அவர்தான் திறந்து போட்டிருந்தார்.

இருவரும் கீழே வந்தபோது குட்டி நடுத்தெருவில் இருந்தது. வளைவில் ஒரு வேன் திரும்பிக்கொண்டிருந்தது.

"டேய்! வா! வா இங்க!"

குட்டி நின்றது. அவரைப் பார்க்கவில்லை. தலையைத் தூக்கி மேலே பார்த்தது. எதிர் மாடியின் பால்கனியை, விளக்குக் கம்பத்தை, சுவர்களின் உச்சியை ஒவ்வொன்றாகப் பார்த்தது.

"டேய்! டேய், வாடா!"

அவர் கத்தக் கத்த அது நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றி மேலே தேடியது. வேன் நெருங்கிவிட்டது. பத்தடி தூரத்தில் நின்றுகொண்டு கத்துகிற மனிதனை அது ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அண்ணே, வாய மூடுங்க!" தையல்காரம்மா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "நீங்க கூப்பிடக் கூப்பிட அது செவுத்துல தேடுது!"

சொல்லிக்கொண்டே நடைபாதையில் சப்பென்று உட்கார்ந்து, கையோடு வந்திருந்த கத்தரிக்கோலால் கல்லில் தட்டினாள். டொக், டொக். மடிந்திருந்த காதும் நிமிர்ந்தது. குட்டி நேராக ஓடிவந்து அவள் மடியில் விழுந்தது. வேன் சீறி நின்று, ஓட்டுநர் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியதில் ஒரு வார்த்தையும் கேமராக்காரர் காதில் விழவில்லை. கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பலேர்ந்தும்மா இப்படி வந்து உக்காந்திருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அண்ணி ஊருக்குப் போன மறுநாள்லேர்ந்து." அவள் குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னாள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணே. தனியா இருக்கறப்ப அது அழறதில்ல. உங்க குரல் வந்துட்டுப் போனதும்தான் அழும். வீடு பூரா ஓடும், அப்புறம் கதவப் பிராண்டும். எனக்கு மிஷின் முன்னாடி உக்கார முடியல."

அன்று சாயங்காலம் அவர் பழைய பதிவுகளை ஓட்டினார். ஊரார் திருட்டையெல்லாம் நிறுத்தி நிறுத்திப் பார்த்த மனிதர், முதல் தடவையாகத் தன்னுடையதைப் பார்த்தார். டேய், விடு. குட்டி விட்டது. இதுவரைதான் அவருக்குத் தெரியும். பிறகு அது வாலை ஆட்டிக்கொண்டு திரைச்சீலைக்குப் பின்னால் போய்ப் பார்த்தது. சோபாவுக்கு அடியில் பார்த்தது. பலகைக்கு மேல் எக்கிச் சமையலறையைப் பார்த்தது. அவர் வந்துவிட்டார் என்று நம்பி வாசலில் போய் உட்கார்ந்தது. கதவு திறக்கவில்லை. வால் மெல்ல மெல்ல நின்றது. அடுத்த நாளும் அப்படியே. அதற்கும் அடுத்த நாள் சுவரின் கீழே முன்கால்களைத் தூக்கி வைத்து, கேமராவைப் பார்த்து அழுதது. ஒரு கட்டத்தில் அவரைத் தேடுவதை விட்டுவிட்டது; அந்தக் குரல் சுவரில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டது.

ஆசையாகக் கூப்பிட்டதாகத்தான் நினைத்திருந்தார். ஒவ்வொரு தடவையும் ஏமாற்றியிருக்கிறார். வா வா என்று தினமும் சொன்ன வார்த்தையை, ஆபத்துக்கு ஒரு தடவை வேண்டியபோது செல்லாததாக ஆக்கி வைத்திருந்தது வேறு யாரும் இல்லை.

மனைவிக்குப் போன் போட்டு நடந்ததை மறைக்காமல் சொன்னார். அந்தப் பக்கம் பேத்தியின் சிணுங்கல் கேட்டது.

"குட்டிக்கு ஒண்ணும் இல்லையே?"

"இல்ல."

"அப்ப அழாதீங்க."

"யாரு அழுதா?" என்றார் அவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

கேமராவைக் கழற்றிவிட்டார். இனி மத்தியானம் அவரே வருவார். வர முடியாத நாளில் தையல்காரம்மா தைக்கிற துணியோடு கூடத்தில் வந்து உட்காருவாள். முதல் தடவை சாவியைக் கொடுத்தபோது அவர் கை கொஞ்சம் தயங்கியது உண்மைதான். அதைக் கவனிக்காத மாதிரி அவள் வாங்கிக்கொண்டாள்.

குட்டியை அவர் கூப்பிடவில்லை. பல நாள் வாயே திறக்கவில்லை. வேலையிலிருந்து வந்ததும் தரையில் உட்கார்ந்துகொள்வார். அதுவாக வந்து மடியில் ஏறின பிறகு, அதன் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "வா" என்று சொல்லுவார். வந்து சேர்ந்ததை வா என்று சொல்லுகிற பைத்தியக்காரத்தனத்தை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். இந்தக் குரலுக்கு ஒரு மடி இருக்கிறது, இரண்டு கை இருக்கிறது என்று அதற்குப் புரியவைக்க அவருக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒரு சாயங்காலம், குட்டி கூடத்தின் அந்தக் கோடியில் முடிச்சுத் துண்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. அவர் வாசலுக்கு அருகே தரையில் உட்கார்ந்திருந்தார். மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, மெல்லக் கூப்பிட்டார்.

"டேய், வா."

குட்டி தலையைத் தூக்கியது. முதலில் சுவரைப் பார்த்தது. கேமரா இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. அதையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னொரு தடவை கூப்பிட அவருக்கு வாய் துடித்தது. கூப்பிடவில்லை. பிறகு அது திரும்பி, அவர் வாயைப் பார்த்தது.