பூ நிறைந்த கிழமை

துளசியில் எண்ணெய் வடிக்கிறவன் பூவைப் பார்த்துத்தான் நாள் வைக்க வேண்டும். செடி பூத்து நிறைகிற கிழமையில், அந்த ஏழு நாளுக்குள், வெட்டினால் எண்ணெய் கூடுதலாக இறங்கும். காரமும் மணமும் இருக்கும். விதை பிடித்துவிட்டால் அதே செடி, அதே இலை, எண்ணெய் மட்டும் இருக்காது. சண்டைக் காலத்தில் பயிரை வாவிக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டு இந்தப் பக்கம் காத்து நின்றவர்களுக்கு நான் மேலே விளக்கத் தேவையில்லை.

கால் இல்லாத செடி

எண்ணெய் வடிக்கிற என் அடுப்பும் கொப்பரையும் வாவிக்கு இந்தப் பக்கம் செட்டிபாளையத்தில் இருந்தன. தோட்டம் அந்தப் பக்கம் படுவான்கரையில், நடராசாவும் அவர் மனைவி பூரணமும் பார்த்தார்கள். ஒருமுறை பூ நிறைந்த நேரம் பார்த்து ஆமிக்காரர் தோணித்துறையை மூடிவிட்டார்கள். தினமும் காலையில் போய் நின்றேன். ஐந்தாம் நாள், இந்தக் கிழமை தவறினால் இலையில் ஒன்றும் இருக்காது என்று சென்றியில் காவல் நின்ற ஆமிக்காரனிடம் சொல்லிப் பார்த்தேன். தனக்குத் தெரிந்த தமிழில் பொறுமையாகத்தான் பதில் சொன்னான்: "செடிக்குக் கால் இல்லைதானே. ஓடாது. அடுத்த கிழமை வா."

காக்காவின் மூக்கு

துறை திறந்தபோது செடியெல்லாம் விதை. விட மனமில்லாமல் வடித்து, ஓட்டமாவடியில் மருந்துக்கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனிடம், நாங்கள் காக்கா என்று கூப்பிடுகிறவரிடம், கொண்டுபோனேன். இருமல் மருந்துக்கு எங்கள் எண்ணெயைத்தான் சேர்ப்பார். மூடியைத் திறந்து ஒருதரம் முகர்ந்தார். போத்தலை என் பக்கம் தள்ளினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. துறையை மூடியது நானா என்று கேட்டேன்.

"நீங்க மூடல்ல தம்பி. இருமுற புள்ளைக்கு அதைச் சொல்லியா மருந்து குடுக்கிற?"

சொல்லி அனுப்பிய நாள்

அடுத்த முறை நான் கெட்டிக்காரனானேன். எனக்காகக் காத்திருக்க வேண்டாம், பூ நிறைந்ததும் வெட்டி நிழலில் உலர்த்தி வையுங்கள் என்று, அந்தப் பக்கம் படிப்பிக்கப் போன ஆசிரியர் ஒருவரிடம் நடராசாவுக்குச் சொல்லி அனுப்பினேன்.

மூன்று கிழமை கழித்துப் போனேன். நடராசா வெட்டிக்கொண்டு நின்றபோது ஆமியின் சுற்றிவளைப்பாம். தோட்டத்தில் நின்ற நடராசாவைக் கொண்டுபோயிருக்கிறார்கள். பிறகு அவரைக் கண்டவர் இல்லை. பூரணம் முகாம் முகாமாக அலைந்துவிட்டு வந்திருந்தாள். அவர் வெட்டிப் போட்டிருந்ததை அவள்தான் பொறுக்கி வந்து உலர்த்தியிருந்தாள். என்னை ஏசினாலாவது நன்றாயிருக்கும் என்று நின்றேன். அவள் இலையைச் சாக்கில் அள்ளி, அதன் வாயைக் கட்டிக்கொண்டே சொன்னாள்: "நீங்க சொன்ன நாளுக்குத்தான் அவர் வெட்டினவர், அண்ணன். பதம் சரியா எண்டு பாருங்க."

ஓட்டமாவடியில் கேட்டது

பதம் சரிதான். வடிக்காமல் விடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். அவள் கட்டித் தந்ததை எறியவும் முடியவில்லை. அந்த வருடங்களில் அப்படி ஒரு எண்ணெய் எனக்கு இறங்கியதில்லை. காக்கா முகர்ந்துவிட்டுக் கண்ணை மூடினார். நடந்ததைச் சொல்ல நான் வாயெடுக்குமுன் அவர் முந்திக்கொண்டார்: "மாஷா அல்லாஹ். இனி எப்பவும் இந்த ஆளைக்கொண்டே வெட்டுங்க தம்பி."

துளசியை எப்போது வெட்டுவது என்று கேட்கிறவர்களுக்கு இன்றைக்கும் பதம் சொல்கிறேன். போய் வெட்டு என்று மட்டும் யாரிடமும் சொல்வதில்லை.