மலைச்சரிவைப் பார்க்க நின்றவர்

மூணாற்றுப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் சுடலைமுத்து என்பவரைப் பற்றி ஒரு பேச்சு இன்றும் உலவுகிறது. பேறுகால வலியில் துடித்த மனைவியைத் தம் எதிரே பிறர் தூக்கிச் சென்றபோதும் அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது அப்பேச்சு. அது பொய்யன்று. ஆனால் அவரை அவ்வாறு நிறுத்தியவன் நான். பாதி உண்மை ஒரு நல்ல மனிதர்மேல் வசையாகத் தங்கிவிடலாகாது. ஆட்களை நடத்தும் இளையோர்க்கும் இதில் ஏதேனும் பயன் இருக்கலாம். ஆகவே எழுதி வைக்கிறேன்.

1. தகரம் தட்டும் வேலை

எழுபதுகளில் அத்தோட்டத்தின் சாலைப் பணிக்கு நான் சூப்பர்வைசர். பாலக்காட்டுக்குக் கிழக்கே பெருமாட்டியிலிருந்து மலையேறியவன். என் கீழிருந்த தொழிலாளர்கள் நெல்லை, மதுரைப் பக்கத்துக் குடும்பங்களின் வழிவந்தவர்கள். மழைக்காலத்தில் மலை இடிந்து சாலையை மூடும். அம்மண்ணை வெட்டி அகற்றுவது எங்கள் கடமை.

மண் வெட்டும் இடத்தில் ஒருவரை மட்டும் மண்வெட்டியின்றி ஒரு மேட்டில் நிறுத்துவது வழக்கம். மேலுள்ள சரிவைப் பார்த்துக்கொண்டே இருப்பது அவர் வேலை. அசைவு கண்டால் தகர டின்னைத் தட்டுவார். ஒலி கேட்டதும் யாவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

உடல் தளர்ந்தவர்க்கே அவ்வேலை தரப்படும். எங்களிடம் பவுல் என்ற முதியவர் இருந்தார். சிறு கல் உருண்டாலும் தட்டிவிடுவார்.

"பவுலண்ணே, காக்கா உக்காந்தாலும் தட்டுதீரே! காக்காயும் பறக்கு, நாங்களும் ஓடுதோம்" என்பார் வெட்டுக்காரர் செல்லையா.

"ஓடிப்போயி ஒரு பீடி குடிச்சியா இல்லியா? அதுக்கு எனக்குக் கும்பிடு போடுல" என்பார் பவுல்.

சிரிப்போம். நாளடைவில் ஓடுவது குறைந்தது. தட்டினால் நிமிர்ந்து பார்ப்பார்கள், மீண்டும் குனிவார்கள். இதை நான் கண்டிருந்தேன். என்ன செய்வதென்றுதான் விளங்காதிருந்தது.

2. மண்ணுக்கு அப்பால்

ஒருநாள் காலை, தோட்டத்தின் மேற்பகுதியான மேல் டிவிஷனிலிருந்து மருத்துவமனைக்கு வரும் ஒரே சாலையில் மலை சரிந்தது. சாலைக்கு மேலே செங்குத்தான மண். கீழே கிடுகிடு பள்ளம். நாங்கள் வெட்டத் தொடங்கிய சிறிது நேரத்தில், சின்னதுரை என்று தொழிலாளர் அழைக்கும் உதவி மேலாளர் வந்தார்.

"அந்த ஆளு எதுக்குச் சும்மா நிக்கிறான்? அவன் கையிலயும் ஒரு மம்பட்டியக் கொடு. கொழுந்து பாக்டரிக்கு வந்தாகணும்" என்றார்.

நான் விடை கூறுமுன், மண்ணுக்கு அப்பால் ஒரு ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் அந்தோணி கைகளை வாயருகே குவித்துக் கத்தினார்.

"சுடலை அண்ணாச்சி! மைனிய ஜீப்புல கொண்டாந்திருக்கேன்! பிள்ள குறுக்க கெடக்காம். மருத்துவச்சி தன்னால ஆகாதுங்கா. டாக்டர்ட்டப் போகணும்!"

சுடலைமுத்து எங்கள் குழுவின் முதல்தரமான வெட்டுக்காரர். அக்குரல் கேட்டதும் சரிவின் அடிவாரத்துக்கே பாய்ந்து வெட்டலானார். மற்றவர்களும் அவர் பின்னே நெருங்கினர். அடியில் மண்ணைப் பறிக்கப் பறிக்க மேலே பிடிமானம் குறையும் என்பது அங்கிருந்த அனைவர்க்கும் தெரியும். அன்று ஒருவரும் அதை நினைக்கவில்லை. பவுல் தட்டினார். யாரும் அசையவில்லை. தலையளவு கல்லொன்று சுடலைமுத்துவின் தோளை உரசிக்கொண்டு பள்ளத்தில் விழுந்தது. பவுல் மீண்டும் தட்டினார். அப்போதும் அசையவில்லை.

என் நெஞ்சு ஓரிடத்தில் நிற்கவில்லை. ஜீப்பைப் பார்த்தேன், சின்னதுரையைப் பார்த்தேன், திரண்டுவரும் மேகத்தைப் பார்த்தேன், மறுபடி ஜீப்பைப் பார்த்தேன். எல்லார் கண்ணும் என் கண்ணும் அந்த ஜீப்பிலேயே கிடந்தன. மலையைப் பார்த்தவர் பவுல் ஒருவரே. அவரையோ ஒருவரும் நம்பவில்லை.

3. ஆள் மாற்றம்

சுடலைமுத்துவின் மண்வெட்டிக் காம்பைப் பற்றினேன்.

"விடுங்கய்யா. எம் பொண்டாட்டி அங்க கெடந்து துடிக்கா."

"தெரியுமுங்க. நீங்க போயி அந்த டின்ன வாங்கிக்குங்க. மலையப் பாருங்க."

"கெழவன் பாக்குற வேலைக்கா என்னய அனுப்புதீங்க?"

செல்லையா நிமிர்ந்தார். "ஐயா, இவன் தட்டவே மாட்டான். கண்ணு பூரா ஜீப்புலதான் இருக்கும். எங்களப் பொதைச்சிருவான்."

"ஏனுங்க செல்லையா, இவரு தட்டினா நீங்க ஓடுவீங்களா, மாட்டீங்களா?"

செல்லையா மண்வெட்டியை ஊன்றினார். "இவனே தட்டுதான்னா மலை வந்துட்டுன்னுல்லா அர்த்தம்? ஓடாம என்ன செய்ய?"

நான் வேண்டியதும் அதுவே. சுடலைமுத்துவிடம், "ஜீப்பப் பாக்காதீங்க. ஒருக்காக்கூடப் பாக்காதீங்க" என்றேன்.

"அவ சத்தம் கேட்டா?"

"கேட்டாலுமுங்க."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மேட்டில் ஏறி டின்னை வாங்கினார்.

"நல்லா வெட்டுறவன அங்க நிறுத்திட்டியா? உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் சின்னதுரை. பொறுப்பு என்னுடையது என்றேன். அவர் தம் ஜீப்பில் போய் அமர்ந்துகொண்டார்.

அதன்பின் வெட்டியவர்கள் அடிவாரத்தை விட்டு விலகி, ஓர் ஆள் நடக்கும் அகலத்துக்கு வழி எடுத்தனர். அவர்கள் கைகளில் பதற்றம் அடங்கிற்று. என்னுள் அடங்கவில்லை. மண்ணுக்கு அப்பாலிருந்து அலறல் எழுந்தபோதெல்லாம் எல்லாக் கைகளும் நின்றன. சுடலைமுத்துவின் தலை திரும்பவில்லை. திரும்பிவிடுவாரோ என்று அஞ்சினேன். தட்ட வேண்டிய நேரத்தில் தட்டாமல் விடுவாரோ என்றும் அஞ்சினேன்.

வழி மறுகரையைத் தொடும் நிலையில் அவர் தட்டினார். கூச்சலிடவில்லை, விடாமல் தட்டினார். மண்வெட்டிகள் விழுந்தன. செல்லையா என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினார். நாங்கள் நின்ற இடத்தில் மலை இறங்கியது. இறங்கிய மண் சாலையில் தங்காமல், முன்பு கிடந்ததிலும் பெரும்பகுதியை வாரிக்கொண்டு பள்ளத்தில் போயிற்று. நாங்கள் எடுத்த வழியும் போயிற்று.

அந்தப் பெண்ணைக் கைவிட்டோம் என்றே எண்ணினேன். மேட்டிலிருந்து குரல் வந்தது.

"மேல பாறை தெரியுது. அதுக்கு மேல மண்ணு இல்ல. இப்பக் கடக்கலாம். நான் பாத்துக்கிட்டு நிக்கேன், போங்க."

செல்லையாவும் சிலரும் முழங்கால் சேற்றில் இறங்கி அக்கரைக்குப் போயினர். மழைக்குப் போர்த்தும் கம்பளியை இரு கழிகளில் கட்டி, அதில் சுடலைமுத்துவின் மனைவியைக் கிடத்தித் தூக்கி வந்தனர். மேட்டின் கீழே வந்தபோது அவர், "ஏங்க, இங்கன பாருங்களேன்" என்று அழைத்தார்.

"நான் இங்கதான் நிக்கேன். நீ போ" என்றார் சுடலைமுத்து, மலையை விட்டுக் கண் எடுக்காமல்.

கடைசி ஆளும் கடந்த பிறகே டின்னை எறிந்துவிட்டுக் குதித்து ஓடினார். மருத்துவமனையில் தாய் பிழைத்தார், பெண்மகவும் பிழைத்தது.

அதன்பின் என் குழுவில் சிறந்த வெட்டுக்காரர்களே முறைவைத்துச் சரிவைப் பார்த்தனர். பவுல் அன்று தட்டிய இரு முறையும் சரியாகவே தட்டினார் என்பதையும் இங்குப் பதிகிறேன். ஒரு குழுவின் கண்கள் எல்லாம் ஒரே பக்கம் ஓடும் நேரம் வரும். அப்போது மறுபக்கத்தைப் பார்க்க, சொன்னால் எல்லாரும் நம்பும் ஒருவரை நிறுத்துவதே தலைமை தாங்குபவனின் முதல் வேலை. தன் கண்ணும் அந்நேரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும் என்பதை அவன் அறிந்திருக்க வேண்டும்.

இவை நினைவிலிருந்து எழுதியவை. அன்று அங்கிருந்தோர் பிழை கண்டால் திருத்தித் தருக. கம்பளியைத் தூக்கியவர்களுள் செல்லையா தவிர மற்றவர் பெயர்கள் எனக்கு நினைவில்லை, தெரிந்தோர் சேர்த்துவிடுக. அவர்களைத் தூக்கச் சொன்னவன் நான் என்று எவரேனும் கூறினால் அதை மட்டும் சேர்க்க வேண்டா. எனக்கு அப்போது குரலே எழவில்லை.