தட்டிப் பார்த்து வாங்கிய ரேடியேட்டர்

அம்மா அப்பாவோடு மனஸ்தாபப்பட்டு உப்பிலியபுரத்தில் தன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் எங்கள் பழைய பிக்கப் வண்டியின் ரேடியேட்டரும் கெட்டது. அவளை அழைத்துவரக் கிளம்பிய அன்று மண்ணச்சநல்லூர் தாண்டுவதற்குள் முன்பக்கம் ஆவி கிளம்ப, அப்பா வண்டியை ஸ்ரீரங்கத்துக்கே திருப்பிவிட்டார். ரேடியேட்டரை மாற்றியதும் போய்க் கூட்டிவந்துவிடலாம் என்றார். துறையூர் போய் மாறினால் உப்பிலியபுரத்துக்குப் பஸ் இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்குத் தோன்றாமல் இருந்திருக்காது.

வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் பாலக்கரையில் வண்டி உதிரிபாகம் விற்கும் கடைக்கு நானும் போனேன். கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று புதிது, அலுமினியம், மேலும் கீழும் பிளாஸ்டிக் தொட்டி. மற்றது வேறு வண்டியில் கழற்றியது, செம்பும் பித்தளையுமாக நல்ல கனம். புதியது விரிசல் விட்டால் தூக்கிப் போட வேண்டியதுதான், பழையது ஒழுகினால் பற்றவைத்துக்கொள்ளலாம் என்றார். அப்பா எங்கள் ரேடியேட்டரைப் பக்கத்தில் வைத்து, குழாய் சேரும் இடங்களைச் சாண் போட்டு அளந்தார். இரண்டுமே பொருந்தின. அதுதான் சிக்கலாகிவிட்டது. கடைக்காரர் டீ வரவழைத்துக் குடித்து முடித்தும் அப்பா நின்றுகொண்டே இருந்தார்.

பிறகு பக்கவாட்டில் திரும்பி, "எது எடுக்கலாம்?" என்றார். சற்றுப் பொறுத்துக் குனிந்து, "நீ சொல்லு பாப்பா" என்றார்.

"நல்ல மெக்கானிக்கைத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றார் கடைக்காரர்.

எனக்குப் பயமாக இருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டால் அம்மா வரமாட்டாள். பாத்திரக்கடையில் அவள் செய்வதையே செய்தேன். விரல் முட்டியால் தட்டி, காதைக் கிட்டே கொண்டுபோனேன். புதியது டொக்கென்றது. பழையது கணீரென்றது. அதைக் காட்டினேன்.

"குடமா வாங்குறே?" என்று கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்காமல் முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்தேன். ஆனால் அதைத்தான் வாங்கினார்.

உப்பிலியபுரம் வரை வண்டி கொதிக்கவே இல்லை. அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள், தோசை ஊற்றிப் போட்டாள். பெரியவர்கள் உள்ளே வெகுநேரம் பேசினார்கள். திரும்பும்போது முன்சீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். சூடு காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன். அது நடுவிலேயே நின்றது.

"புதுசை எடுத்திருக்கணுமாப்பா?"

"இல்லடா. நீ நல்லதாத்தான் எடுத்தே."

நான் நம்பவில்லை. இன்றைக்கும் என் மகனுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கக்கூடக் கடையில் நெடுநேரம் நிற்கிறேன். வாங்கியபின் மற்றதை எடுத்திருக்கலாமோ என்று வீடு வரும்வரை யோசிக்கிறேன்.

அம்மாவைக் கேட்காமல் அப்பா எந்தச் சாமானும் வாங்கியதில்லை. அன்று "எது எடுக்கலாம்?" என்றபோது அவர் பார்த்தது என் தலைக்கு மேலே, அம்மாவின் முகம் இருக்கும் உயரத்தில். கடைச் சுவரில் அப்படி என்ன இருக்கிறது என்று நானும் அண்ணாந்து பார்த்தேன்.