கல் அணை முடிகிற இடம்

இன்று அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைப் பூங்கா திறப்பு விழாவுக்குப் போனேன்.

ஊர்ப் பெயரை ஆளுயர எழுத்துகளில் செய்து, பக்கத்தில் ஒரு சிவப்பு இதயமும் வைத்திருக்கிறார்கள். கடல் அரித்துவிடாமல் அவற்றுக்கு முன்னால் கருங்கல் அணையும் போட்டிருக்கிறார்கள். கடைசி எழுத்தோடு அணையும் முடிகிறது.

அதற்கு அடுத்தது, ஊரில் மௌத்தானவர்களை அடக்கம் செய்கிற எங்கள் மையவாடி. போன மாரியில் அதன் கிழக்கு வரிசைக் கப்றுகளைக் கடல் கொண்டுபோனது.

விழாவுக்கு வந்த அதிகாரியிடம், "சேர், கல்ல மையவாடி வரைக்கும் நீட்டேலாதா?" என்று கேட்டேன்.

"இது சுற்றுலாவுக்கு வந்த காசு தம்பி. மையவாடியப் பார்க்க யாரு வாற?" என்றார்.

ஆட்சி மாறினால் எதற்கு முதலில் காசு என்பதும் மாறும் என்று நம்பித்தான் நானும் வாக்குப் போட்டேன்.

திரும்பும்போது, கரைவலைக்கார ஹனிபா காக்கா மையவாடி ஓரத்தில் நின்று, அடக்கமானவர்களுக்குச் சொல்கிற சலாமைச் சொல்லிக்கொண்டிருந்தார். முகம் கடலைப் பார்த்திருந்தது. கடல் கொண்டுபோன கப்றுகளில் ஒன்று அவருடைய மனைவி றஹீமாவுடையது.

"காக்கா, இப்ப இஞ்சால நல்லா மீன் படுதாமே?" என்றேன், வேறு பேச்சு வராமல்.

"ஓம், மத்தாக்கள் இழுக்கிறாங்க. நான் இந்த இடத்துல வலை போடுறல்ல மனே," என்றார். "றஹீமா இதுக்குள்ளதானே இரிக்கா."

வீட்டுக்கு வந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேசாமல் மையவாடிக்கு முன்னாலும் பெரிய எழுத்துகளை நட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அவற்றைக் காப்பாற்றவாவது கல் வருமே.

என்ன எழுதலாம், சொல்லுங்கள். நான் 'றஹீமா' என்று யோசித்திருக்கிறேன்.