தர்மலிங்கம் அண்ணன் திருத்திய முழங்கைகள்

செய்தி வந்தபோது நான் மெர்லிமாவ் பசாரில் மீன்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கெம்போங் மீனின் கண் கலங்கிக் கிடந்தது. அவரோ இன்று விடிகாலையில் பிடித்தது என்று சத்தியம் செய்துகொண்டிருந்தார். கைப்பேசி அடித்தது. தர்மலிங்கம் அண்ணனின் மனைவி கமலம் அண்ணி.

"பத்மா, ஒங்கண்ணன் தவறிட்டாரும்மா. காலையில குளிச்சிட்டு வாசல்ல நின்னு வழக்கம்போல மூச்சுப் பயிற்சி செஞ்சிக்கிட்டு இருந்தாரு. நான் தேத்தண்ணி கலக்கி எடுத்துட்டு வர்றேன், நாற்காலியில சாஞ்சி கெடக்குறாரு. நெஞ்சுன்னு சொல்லிட்டாரு டாக்டரு."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார்மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அறுபத்தொரு வயதெல்லாம் போகிற வயதா? ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்த மனிதர் இல்லை அவர். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீன்கார அபாங் மாட் சத்தியத்தை நிறுத்தினார். யார் என்று கேட்டார், சொன்னேன். "மாஸ்டர் தர்மாவா?" என்றவர், ஐஸ் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் காதில் விழுந்திருந்தால் அங்கேயே மறுத்திருப்பார். "நான் மாஸ்டர் இல்ல லா. மாஸ்டரத் தேடிக்கிட்டு இருக்கிற ஆளு" என்று பல ஆண்டுகள் பார்ப்பவரிடமெல்லாம் சொன்னவர் அவர்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன், எனக்குக் கூடப் பிறந்தவர் அல்ல. திரு. தர்மலிங்கம் மெர்லிமாவுக்கு வெளியே ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் ஸ்டோர்கீப்பர். நான் அதே ஆலையில் எண்ணெயைப் பரிசோதிக்கும் வேலையில் இருப்பவள். ஞாயிறு காலைகளில் தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் அவர் கராத்தே சொல்லித் தந்தார். எல்லோருக்கும் தெரிந்த கராத்தே அல்ல. ஒகினாவா தீவில் பிறந்த, இங்கே அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு பாணி. மற்ற வகுப்புகளில் முதல் மாதமே பிள்ளைகள் காலைத் தூக்கி உதைப்பார்கள், அம்மாக்கள் அதை வீடியோ எடுத்து உறவினர்களுக்கு அனுப்புவார்கள். அண்ணனிடம் முதல் ஆண்டு முழுக்க நிற்க வேண்டும். கால்விரல்கள் தரையைப் பிடிக்க வேண்டும், வயிறு இறுகியிருக்க வேண்டும், இரண்டு கைகளும் முன்னால் வளைந்திருக்க வேண்டும். அவர் சுற்றி வந்து தோளிலும் தொடையிலும் பட்டென்று தட்டிப் பார்ப்பார். ஊரில் அதற்கு 'நிக்கிற கராத்தே' என்று பெயர். "நிக்கிறதுக்கு எதுக்கு வெள்ளச் சட்ட? கைலியோட நின்னா ஆகாதா?" என்பார் கமலம் அண்ணி.

முதுகுவலிக்கு நல்லது என்று யாரோ சொன்னதால் முப்பத்தெட்டாவது வயதில் நான் போய்ச் சேர்ந்தேன். மூன்றாவது ஞாயிறு பொறுக்க முடியாமல், "எப்பதாண்ணே அடிக்கச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"நீதான் வாயாலேயே அடிக்கிறியே பத்மா. ஒனக்குக் கை எதுக்கு? நில்லு."

நின்றேன். முதுகுவலி போய்விட்டது. அவர் அப்படிப் பேசியதற்குக் கோபம் மட்டும் ஆறு மாதம் இருந்தது.

அவருக்கு ஒரு பயம் இருந்தது, அதை முதலில் சொல்லிவிட வேண்டும். இளவயதில் ஜாசினில் ஒரு கடைவீட்டு மாடியில் ஒரு சீன ஆசிரியரிடம் மூன்று ஆண்டுகள் இந்தப் பாணியைக் கற்றார். பிளாக் பெல்ட்டுக்கு முந்தைய பிரவுன் பெல்ட் வாங்கிய கையோடு ஆசிரியர் குடும்பத்துடன் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். முகவரியும் இல்லை, தொலைபேசி எண்ணும் இல்லை. அதற்குப் பிறகு எல்லாம் ஞாபகத்தில்தான்.

"மூணு வருசம் கத்துக்கிட்டத இருவது வருசமா ஞாபகத்துலேயே ஓட்டிக்கிட்டு வர்றேன் பத்மா. நடுவுல எங்கயோ ஒரு தப்பு நொழஞ்சிருக்கும். அது என்னான்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆளு ஒருத்தர் வேணும்."

அந்த ஒருத்தரைத் தேடித்தான் அவர் மலாக்கா மாநிலம் முழுக்க மோட்டார் சைக்கிளில் அலைந்தார். பல சமயம் பின்னால் நானும் உட்கார்ந்து போனேன். அவர் மோட்டார் ஓட்டும் அழகைப் பற்றி இந்த நேரத்தில் எழுதக் கூடாது. உயிரோடு திரும்பியதே மாரியம்மன் புண்ணியம்.

ஆசிரியரைச் சோதிக்க அவரிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்குகிறது என்று பார்க்க மாட்டார். "இப்ப ஒங்கள யாரு திருத்துறாங்க?" என்று கேட்பார். இந்தக் கேள்வியைக் கராத்தேக்காரர்களோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆலைக்கு ஆய்வுக்கு வந்த பெரிய அதிகாரியிடமும் கேட்டார். கடைசி வரை ஸ்டோர்கீப்பராகவே இருந்தார்.

கிளேபாங்கில் ஒருவர் கடற்கரைச் சாலையில் இளநீர்க் கடை வைத்திருந்தார். கடைக்கு மேலே 'கிராண்ட் மாஸ்டர்' என்று பெரிய பேனர், அதில் கழுத்தில் மாலையோடு அவரே. எங்கள் பாணியும் தெரியும், இன்னும் ஏழு பாணிகளும் தெரியும் என்றார். அண்ணன் பணிவாக, "முதல் பாடத்த மட்டும் செஞ்சி காட்டுங்க மாஸ்டர்" என்று கேட்டார்.

"முதல் பாடம் ரகசியம் தம்பி. சேந்த பெறகுதான் காட்டுவேன்."

"செரிங்க. இப்ப ஒங்கள யாரு திருத்துறாங்க?"

"என்னைத் திருத்துறதா? அதுக்கு இன்னும் ஒருத்தன் பொறக்கல!"

அண்ணன் இளநீரை மிச்சம் வைக்காமல் குடித்து, கும்பிட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினார். ஜாசினில் பார்த்தவர் அப்படியில்லை. வேறு பாணியில் நல்ல பேர் வாங்கிய, நேர்மையான ஆசிரியர். அண்ணன் செய்துகாட்டியதைப் பார்த்து, "நல்லா இருக்கு லா. நம்ம பாணிக்கு மாறிக்குங்க, கொஞ்ச நாள்ல பிளாக் பெல்ட்டுக்கு ஏற்பாடு செய்றேன்" என்றார். நானாக இருந்தால் அங்கேயே தலையாட்டியிருப்பேன். அண்ணன் மறுத்துவிட்டார். வழி நெடுக அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். சிக்னலில் நின்றபோது திரும்பிச் சொன்னார்: "அவரு நல்ல மாஸ்டர்தான். ஆனா என் தப்பு அவருக்குத் தெரியாதே பத்மா."

கடைசியில் நானே உட்கார்ந்து, தெரிந்த ஆங்கிலத்தில், அந்தப் பாணியைச் சேர்ந்த வெளிநாட்டு ஆசிரியர்கள் நாலைந்து பேருக்கு மின்னஞ்சல் எழுதினேன். ஒருவர் பதில் போட்டார். உங்களுக்கு அருகிலேயே முறையாகத் தேறிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், பெயர் சென்செய் லிம், ஊர் மூவார் என்று எழுதியிருந்தார். ஆசிரியருக்கு ஜப்பானிய மொழியில் சென்செய். மூவார் எங்களுக்கு அடுத்த ஊர்! இருபது ஆண்டு தேடிய ஆள் அரைமணி தூரத்தில் இருந்திருக்கிறார். அண்ணன் கடிதத்தைப் படித்துவிட்டு ஸ்டோரில் போல்ட் நட்டு பெட்டிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டார். மனம் சரியில்லையென்றாலும் நிற்பார், சந்தோஷமென்றாலும் நிற்பார்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்செய் லிம் வர ஒப்புக்கொண்டார். ஒரு பெரிய மனிதர் வந்தால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கோயில் தலைவர் உருமி மேளத்துக்குச் சொன்னார். ஆளுயர மாலை வந்தது, பொன்னாடை வந்தது, ஆரத்தித் தட்டோடு மூன்று பெண்கள் நின்றார்கள். வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. முன்கதவு திறந்து, மொட்டைத் தலையும் அகன்ற தோளுமாக ஒரு சீனர் இறங்கினார். உருமி முழங்க, ஆரத்தி சுற்றி, மாலையைப் போட்டு, பொன்னாடை போர்த்தி, அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் மேடையில் உட்கார வைத்தோம். அவரும் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தார். தலைவர் வரவேற்புரையைத் தொடங்கிப் பத்து நிமிடம் பேசிவிட்டார்.

அதே காரின் பின்கதவைத் திறந்துகொண்டு, துணிப்பையோடு ஒல்லியான அம்மாள் ஒருவர் இறங்கியதை யாரும் கவனிக்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மண்டபத்துக்குள் வந்து, எங்கள் வரிசைக்குப் பின்னால் நின்றார். அண்ணன் மட்டும் அவர் காலைப் பார்த்தார். ஓர் அடி எடுத்து வைத்தபோது கால் நேராக வராமல் பிறைபோல் வளைந்து உள்ளே வந்து முன்னால் போனது. அது எங்கள் பாணி நடை. மேடையில் நின்ற அண்ணன் தலைவரைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அந்த அம்மாள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

சென்செய் லிம் ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. நடுத்தர வயது ஆள் ஒருவர் ஓடிவந்து முன்னால் குப்புற விழுந்தால் தாதி என்ன செய்வார்? உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "தண்ணி கொண்டு வாங்க, தண்ணி!" என்று மலாயில் கத்தினார். மேடையில் இருந்த காரோட்டிதான் தனக்கு வைத்த சோடாவோடு முதலில் ஓடி வந்தார். பிறகு கேட்டதற்கு, "கோயிலுக்கு ஆள் ஏத்திக்கிட்டு வந்தா நீங்க இப்படித்தான் மரியாதை செய்வீங்கன்னு நெனச்சேன்" என்றார். மாலையைத் திருப்பி வாங்க யாருக்கும் மனம் வரவில்லை. காரில் மாட்டிக்கொண்டு போனார்.

அன்று மதியம் அண்ணன் மண்டபத்தின் நடுவில் நின்றார். சென்செய் சுற்றி வந்தார், தோளில் அடித்தார், தொடையில் அடித்தார். முதல் பாடத்தை மூன்று தடவை செய்யச் சொன்னார். அண்ணன் கேட்டார், "சென்செய், என்ன தப்பு?"

சென்செய் தன் முஷ்டியை மடக்கி, அண்ணனின் முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவில் வைத்தார். இடைவெளி அந்த ஒரு முஷ்டிதான் இருக்க வேண்டும். அண்ணனுக்கு இரண்டு முஷ்டி போனது. "இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் சரி. ஒங்க ஆசிரியர் சரியாத்தான் சொல்லியிருப்பாரு, நீங்கதான் மறந்துட்டீங்க" என்றார்.

நாங்கள் கைதட்டினோம். அண்ணன் அழுதார். "எத்தன பேருக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன்" என்று சின்னப் பிள்ளைபோல் விம்மினார். பிறகு எங்கள் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்டு, தன் முஷ்டியை வைத்து முழங்கையை உள்ளே தள்ளினார்.

அதோடு விட்டாரா? பழைய மாணவர்கள் ஒருவர் விடாமல் தேடிப் போனார். ஜாசின் பஸ் நிலையத்தில் ஒருவரை நிற்கவைத்துத் திருத்தினார். வங்கியில் கவுண்டருக்குப் பின்னால் இருந்த ஒரு பெண்ணை வெளியே வரச் சொல்லித் திருத்தினார். எனக்கு மானம் போனது மலாக்காவில் ஒரு கல்யாணத்தில்தான். பரிசு கொடுக்க மேடையேறியவர், "தம்பி, கையத் தூக்கு" என்று மாப்பிள்ளையைப் பட்டுச் சட்டையோடு நிற்க வைத்துவிட்டார். கல்யாண ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது, பெண்ணின் முகத்தையும் பார்க்கலாம். "ஒரு வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பி விடலாமே அண்ணே" என்று கெஞ்சினேன். "என் கையால கெடுத்தது. கை வச்சித்தான் திருத்தணும்" என்றார்.

வாரந்தோறும் மூவாருக்குப் போய் மறுபடி மாணவராகக் கற்றார். சென்ற ஆண்டு சென்செய் அவருக்குப் பிளாக் பெல்ட் கொடுத்தார். அவர் அதைக் கட்டவே இல்லை, பிளாஸ்டிக் உறையோடு அலமாரியில் வைத்துவிட்டார். திருத்த ஒரே ஓர் ஆள் பாக்கி. செல்வம் என்ற பழைய மாணவர், சரவாக்கில் மிரிக்கு அப்பால் கடலில் எண்ணெய் மேடையில் வேலை. "செல்வத்தையும் திருத்திட்டுக் கட்டிக்கிறேன். இல்லாட்டி அது எனக்குச் செல்லாது" என்றார். வைரம் பாய்ந்த பிடிவாதம். இதற்காகவும் அவரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அடக்கத்தன்று சவப்பெட்டியை எடுக்கச் சற்று முன்னர்தான் செல்வம் வந்து சேர்ந்தார். விமானத்திலிருந்து நேரே, பையைக்கூட இறக்காமல் வந்து என் முன்னால் நின்றார்.

"அக்கா, அடுத்த மாசம் லீவுல வர்றேன், காட்டுங்கன்னு அண்ணன்கிட்ட சொல்லியிருந்தேன். என்னாக்கா தப்பு? நீங்களாச்சும் காட்டுங்க."

அண்ணனின் தலைமாட்டில் அவரை நிற்கச் சொன்னேன். நின்றார். கால் சரி, வயிறு சரி, முழங்கை இரண்டு முஷ்டி வெளியே. நான் கையை மடக்கிக் கொண்டுபோனேன். கை வைக்க வேண்டிய மனிதர் அங்கே படுத்திருக்கும்போது என்னால் முடியவில்லை. வாய்விட்டு அழுதேன்.

"தள்ளு பத்மா." கமலம் அண்ணி எழுந்து வந்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்தார். முஷ்டியை மடக்கி, செல்வத்தின் விலாவோடு வைத்து, மறு கையால் முழங்கையை உள்ளே அழுத்தினார். "இம்புட்டுத்தான்யா. இதுக்கு மேல வெளிய போவக் கூடாது. இன்னொரு கையையும் கொண்டா."

இரண்டு கையையும் திருத்தினார். பிறகு உள்ளே போய் அலமாரியைத் திறந்து உறையை எடுத்துவந்து, மூலையில் உட்கார்ந்திருந்த சென்செய் லிம்மிடம் கொடுத்தார். "இப்பக் கட்டலாமா டீச்சர்?"

சென்செய் எழுந்து நின்று, முதலில் அண்ணனுக்குத் தலைவணங்கினார். செல்வமும் நானும் அண்ணனை மெல்லத் தூக்கிப் பிடித்தோம். வெள்ளைச் சட்டைமேல் இடுப்பைச் சுற்றி இரண்டு சுற்று வந்தது அந்தக் கறுப்புப் பெல்ட். முடிச்சு சற்றுக் கோணலாக விழுந்தது. சென்செய் அதை அவிழ்த்து, நேராக்கி, மறுபடி கட்டினார். இனித் திருத்த ஒன்றும் பாக்கியில்லை அண்ணே. நிம்மதியாகப் போங்கள்.